ஒலியில்லாத இடத்தில் ஓர் அளவை நூல்

காசுமீரத்து ஜயந்த பட்டர் தம் வரலாற்றைத் தனியே எழுதி வைத்தவர் அல்லர். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அந்த அளவை நூலறிஞரைப் பற்றி இன்று அறியக் கிடைப்பவை மிகச் சில. அவர் இயற்றிய ‘நியாய மஞ்சரி’ என்னும் பெருநூலில் வாதங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் ஓரிரு செய்திகள், ‘ஆகம டம்பரம்’ என்னும் அவருடைய நாடகத்தின் முன்னுரை, அவர் மகன் அபிநந்தர் தம் காப்பியத்தின் தொடக்கத்தில் பாடிய குலமுறை, அந்நாட்டை அன்று ஆண்ட மன்னனைப் பற்றிக் கல்ஹணர் 12ஆம் நூற்றாண்டில் எழுதியவை ஆகியனவே அவை. மலைமேல் புகை கண்டவிடத்து நெருப்புண்டு எனத் துணிவது எவ்வாறு என ஆராய்ந்தவரின் வாழ்க்கையும் அவ்வாறே துணியப்பட வேண்டியதாயிற்று.

அவருடைய முன்னோர் கௌட நாட்டு அந்தணர். அம்மரபில் சக்தி என்பார் வங்கப் பகுதியிலிருந்து பெயர்ந்து, விதஸ்தை ஆற்றிற்கும் சந்திரபாகை ஆற்றிற்கும் இடைப்பட்ட தார்வாபிசாரம் என்னும் மலையடிவாரப் பகுதியில் குடியேறினார். அவருடைய பேரர் சக்திசுவாமி, கார்க்கோட மரபின் பேரரசனாகிய லலிதாதித்த முக்தாபீடனுக்கு அமைச்சரானார். சக்திசுவாமியின் மகன் கல்யாணசுவாமி. அவர் மகன் சந்திரர். சந்திரரின் மகனே ஜயந்தர். அரண்மனையோடு உறவுடைய குடும்பம் அது. அவ்வுறவு அவருக்கு நன்மையும் செய்தது, தீமையும் செய்தது.

பாட்டனாரைப் பற்றி ஜயந்தர் சொல்லும் செய்தி சுவையானது. ஊர் ஒன்று தமக்கு உரிமையாக வேண்டும் என்னும் விருப்பத்தால் அம்முதியவர் சாங்கிரகணி என்னும் வேள்வியைச் செய்தார். வேள்வி முடிந்தவுடனே கௌரமூலகம் என்னும் ஊர் அவர் கைக்கு வந்தது. வேதம் விதித்த வேள்வி பயன் தரும் என்பதற்குச் சான்றாக இதனைப் பேரர் தம் அளவை நூலில் எடுத்தாள்கிறார். பிறர் வாதங்களை இழை இழையாகப் பிரித்துச் சோதிக்கும் ஒருவர், தம் வீட்டுக் கதையை மட்டும் இவ்வளவு எளிதாகச் சான்றாக்கியது வியப்பே. வேள்விக்குப் பின் வந்தது வேள்வியால்தான் வந்தது எனக் கொள்வது எவ்வாறு என்று எந்தச் சார்வாகனும் கேட்டிருப்பான். ஆயினும் அவ்வொரு குறிப்பு இல்லையேல் அக்குடும்பத்தின் ஊர்ப்பெயர் கூட இன்று தெரிந்திராது.

ஜயந்தர் இளமையிலேயே பாணினியின் இலக்கணத்திற்கு உரை இயற்றினார் என்றும், அதனால் ‘விருத்திகாரர்’ என்னும் பெயர் அவருக்கு வழங்கிற்று என்றும் அறிகிறோம். அவ்வுரை இன்று இல்லை. பெயர் மட்டும் நிலைத்தது. அவருடைய கல்விப் பருவம் அவந்திவர்மனின் ஆட்சியில் (855-883) கழிந்தது எனக் கருதலாம். அக்காலக் காசுமீரம் செழித்திருந்தது. சுய்யன் என்னும் பொறியாளன் விதஸ்தையின் அடைப்புகளை நீக்கிக் கரைகட்டி வெள்ளத்தை அடக்கியதால், ஒரு காரி நெல்லின் விலை 200 தினாரிலிருந்து 36 தினாராக இறங்கியது என்கிறார் கல்ஹணர். சோறு மலிந்த நாட்டில் வாதமும் மலிந்தது. சைவர், பாஞ்சராத்திரர், பௌத்தர், சமணர், மீமாம்சகர், சார்வாகர் என எல்லோரும் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தனர். ஆனந்தவர்த்தனர் ‘த்வந்யாலோக’த்தை எழுதியதும் அவந்திவர்மன் காலத்திலேயே.

ஜயந்தர் தேர்ந்த துறை நியாயம். அக்ஷபாதர் எனப்படும் கௌதமரின் சூத்திரங்கள் காட்சி, கருதல், உவமை, உரை என அளவைகளை நான்காகக் கொள்கின்றன. மணிமேகலையில் சமயக் கணக்கரின் திறம் கேட்ட காதையையும் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியையும் பயின்றோர்க்கு இவை புதியன அல்ல. கௌதமரின் சூத்திரங்களுக்கு வாத்ஸ்யாயனர் உரை கண்டார். பௌத்தராகிய திக்நாகர் அதனைத் தாக்கினார். உத்தியோதகரர் விடை கூறினார். தர்மகீர்த்தி மீண்டும் தாக்கினார். அந்தத் தாக்குதலுக்கு நியாயத்தார் விடை சொல்ல வேண்டியிருந்த காலத்தில்தான் ஜயந்தர் எழுதுகோல் பிடித்தார்.

தர்மகீர்த்தி எழுப்பிய வினா கவிஞர்க்கும் உரியது. கண் முதற்கணத்தில் காண்பது பெயரற்ற, வகையற்ற, அக்கணத்திற்கே உரிய தனிப்பொருள் ஒன்றை மட்டுமே. பசு என்றும், வெள்ளை என்றும், நடக்கிறது என்றும் அறிவதெல்லாம் மனம் பின்னர்ச் சேர்க்கும் கற்பனை. ஆகவே கற்பனை கலவாததே காட்சி. சொல்லோடு கூடிய அறிவு காட்சி ஆகாது. பௌத்தர் கொள்கை இது. இதனை ஒப்பினால் மொழி முழுவதும் பொருளைத் தொடாததாகிவிடும். பேசுவோர் எல்லாரும் தாம் காணாத ஒன்றைப் பற்றியே பேசுவோர் ஆவர்.

நியாய சூத்திரத்திலும் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. புலனும் பொருளும் கூடப் பிறப்பது, சொல்லால் சுட்டப்படாதது, பிறழாதது, துணிவுடையது எனக் காட்சிக்கு அச்சூத்திரம் இலக்கணம் வகுக்கிறது. சொல்லால் சுட்டப்படாதது என்னும் அடை எதற்கு? பௌத்தருக்கு இடங்கொடுப்பது போல அது தோன்றுகிறதே? முன்னோர் இதற்குக் கூறிய பொருள்களை ஒவ்வொன்றாக முன்வைத்து, ஒவ்வொன்றின் வலிமையையும் குறையையும் பொறுமையாக அளந்து காட்டுகிறார் ஜயந்தர். நியாய மஞ்சரியின் மிகச் சிறந்த பகுதிகளுள் அது ஒன்று. எதிராளியின் கட்சியை எதிராளியினும் நன்றாகச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பது அவர் வழக்கம். பௌத்தரின் கருத்தை அறிய விரும்புவோரும் அவரைப் படிக்கலாம்.

அவர் கண்ட முடிவு இது. பெயர் கலவாத முதற்காட்சிக்கும் பெயர் கலந்த பின்காட்சிக்கும் பொருள் ஒன்றே. பசுத்தன்மையும் வெண்மையும் நடையும் பொருளிலேயே உள்ளன. மனம் அவற்றை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவதில்லை. முதற்கணத்திலேயே அவை கண்ணில் படுகின்றன. பின்னர்க் கூடுவது சொல் ஒன்றுதான். அச்சொல்லும் பொருளைத் திரிப்பதில்லை. பெயரை நினைவிலிருந்து எடுத்துக் கூட்டியதனாலேயே கண்ணின் வேலை கெட்டுவிட்டது என்பதை அவர் ஏற்கவில்லை.

அளவை என்பது யாது என்னும் வினாவிலும் அவருக்குத் தனிநெறி உண்டு. அறிவைப் பிறப்பிக்கும் கருவிகளுள் எது தலைமையானது என்று பிறர் தேடினர். ஜயந்தர் ஒன்றையும் தலைமையாக்கவில்லை. ஓலையைப் படிப்பதற்குக் கண் வேண்டும், விளக்கு வேண்டும், ஓலை வேண்டும், எழுத்தறிவு வேண்டும், கவனம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் படிப்பு நிகழாது. அறிவுடையதும் அறிவில்லாததுமாகிய இவை அனைத்தும் ஒருங்கு கூடிய தொகுதியே அளவை, அதாவது சாமக்ரி, என்றார் அவர். பின்வந்த நியாய நூலார் பலர் இதனை ஏற்கவில்லை. ஆயினும் கண்டதும் எண்ணியதும் தனித்தனியே பெருமை கொள்வதற்கில்லை என்னும் இக்கருத்தில் ஒரு நேர்மை இருக்கிறது.

கருதலைப் பற்றிய பகுதியில் எதிராளி சார்வாகன். கண்ட புகைகள் சில, கண்ட நெருப்புகள் சில, காணாதன எண்ணிறந்தன, அவ்வாறிருக்க, புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என எவர் கண்டார் என்பது அவன் வினா. சார்வாகரை ஜயந்தர் ஒரே கூட்டமாகக் காண்பதில்லை. வீண்வாதம் செய்வோரையும் நன்கு கற்றோரையும் வேறு பிரிக்கிறார். கற்ற சார்வாகர் அன்றாடக் கருதலை ஏற்பர். கடவுளையும் மறுமையையும் நிறுவும் கருதலை மட்டும் மறுப்பர். முதலாவார்க்கு அவர் தரும் விடை எளியது. கருதலை விட்டுவிட்டால் எவரும் ஒரு நாள் வாழ முடியாது. மாடு மேய்ப்போரும் ஏர் உழுவோரும் கூடப் புகையால் நெருப்பை அறிகின்றனர். இரண்டாமவர்க்கு விடை சொல்ல அவர் மிகுந்த முயற்சி எடுத்துக்கொள்கிறார். அங்கே அவர் முழு வெற்றி பெற்றார் எனக் கூறுவது கடினம்.

பௌத்தரோ கருதலை ஏற்றனர். அதனை இரண்டு உறவுகளுக்குள் அடைத்தனர். ஒன்று மற்றொன்றின் காரியமாக இருக்க வேண்டும், அல்லது அதன் இயல்பாக இருக்க வேண்டும் என்றனர். கதிரவன் மறைவதைக் கண்டோர் விண்மீன்கள் எழும் எனக் கருதுகின்றனரே, ஒன்று மற்றொன்றின் காரியமும் அன்று, இயல்பும் அன்றே என்பது நியாயத்தார் மறுப்பு. பிரியாமல் உடனிருத்தல் ஒன்றே போதும். அதற்கு மேல் உறவு தேட வேண்டியதில்லை. அந்த உடனிருப்பை, இருக்குமிடத்தையும் இல்லாத இடத்தையும் கண்டு பழகிய மனமே பற்றுகிறது என்பது ஜயந்தரின் கொள்கை. ஆற்றில் வெள்ளம் கண்டு மலையில் மழை பெய்ததை அறிவது பழைய எடுத்துக்காட்டு. கரை அடைபட்டாலும் ஆறு பெருகுமே என்பது பழைய மறுப்பு. அடைபட்ட நீரையும் மழை வெள்ளத்தையும் வேறுபடுத்திக் காணாதது காண்பவன் குற்றம். கருதலின் குற்றம் அன்று. விதஸ்தையின் கரையில் வளர்ந்தவர்க்கு இவ்வேறுபாட்டை எவரும் கற்பிக்க வேண்டியிருந்திராது.

கவிஞர்கள் ஜயந்தரிடம் சினங்கொள்ளக் காரணம் ஒன்று உண்டு. சொல்லுக்கு நேர்ப்பொருளும் ஆகுபொருளும் அன்றி, குறிப்பாற் புலப்படுத்தும் ஆற்றல் ஒன்று தனியே உண்டு என்றும், அதுவே கவிதையின் உயிர் என்றும் ஆனந்தவர்த்தனர் நிறுவியிருந்தார். அந்நூல் அப்போது புதியது; நாடு முழுவதும் பேசப்பட்டது. ஜயந்தர் அதற்குத் தம் பெருநூலில் ஒதுக்கிய இடம் மிகச் சிறிது. பெயரையும் குறிக்காமல், தம்மைப் புலவராக எண்ணிக்கொள்ளும் ஒருவர் என்று சுட்டுகிறார். போ என்பது போகாதே என்று பொருள்படுவதும், போகாதே என்பது வா என்று பொருள்படுவதும் வழக்கிலுள்ள பிற அளவைகளாலேயே விளங்கும்; அதற்குப் புதிய ஆற்றல் ஒன்று வேண்டா என்கிறார். பிறகு, வாக்கியப் பொருளின் கடினமான வழியில் அறிஞரே தடுமாறும்போது இதனைக் கவிஞரோடு வாதிடுவது தகாது என்று கூறிக் கதவை அடைத்துவிடுகிறார்.

இது நியாயமான வாதம் அன்று. பௌத்தருக்குப் பல பக்கங்களும் கவிஞருக்கு ஒரு புன்னகையும் என்பது அளவை நூலார்க்கு அழகாகாது. எனினும் அச்சில வரிகளிலிருந்த விதை வீண்போகவில்லை. 11ஆம் நூற்றாண்டில் அதே காசுமீரத்தில் மகிமபட்டர் ‘வியக்தி விவேகம்’ என ஒரு நூல் முழுவதையும் இதற்காக எழுதி, குறிப்புப்பொருள் அனைத்தும் கருதலளவையுள் அடங்கும் என வாதிட்டார். த்வனிக் கொள்கையினர் அதற்கு விடை கூற வேண்டியதாயிற்று. ஜயந்தர் கவிதை அறியாதவரும் அல்லர். நியாய மஞ்சரி உரைநடையும் செய்யுளும் விரவியது; வறண்ட தருக்கத்தின் நடுவே மழைமேகத்தின் கருமையையும் முழக்கத்தையும் வருணிக்க நின்றுவிடும் நூல் அது. மகன் அபிநந்தர் பாணரின் காதம்பரியை எட்டுச் சருக்கங்களில் செய்யுளாகச் சுருக்கிய கவிஞர். கவிஞரோடு வாதிடுவது தகாது என்றவரின் வீட்டிலேயே ஒரு கவிஞர் வளர்ந்தார்.

883இல் அவந்திவர்மன் மறைந்தான். உறவினரோடு போரிட்டு அரியணையை உறுதிசெய்துகொண்ட சங்கரவர்மன் 902 வரை ஆண்டான். கல்ஹணர் காட்டும் சங்கரவர்மன் கொடியவன். படையெடுப்புகளுக்குப் பொருள் வேண்டி 64 கோயில்களின் உடைமைகளைக் கவர்ந்தான். ஊரார் மீது சுமை தூக்கும் கட்டாய வேலையைச் சுமத்தினான். பல்லடர் போன்ற நல்ல கவிஞர்கள் ஊதியமின்றி இழிதொழில் செய்து பிழைத்தனர். இலவடன் என்னும் சுமைகாரன் 2000 தினார் ஊதியம் பெற்றான். கல்ஹணரும் கவிஞரே, ஆதலின் இவ்விடத்தில் அவர் சீற்றம் சற்று மிகுந்திருத்தல் கூடும்.

ஜயந்தர் இம்மன்னனைக் காட்டும் விதம் வேறு. அந்நாளில் நீலாம்பரர் எனப்படும் ஒரு கூட்டத்தார் ஆணும் பெண்ணும் ஒரே கரிய போர்வையைப் போர்த்துக்கொண்டு கூடித் திரிந்தனர். அதனை நோன்பு என்றனர். அறம் அறிந்த மன்னன் சங்கரவர்மன் அதனை ஒடுக்கினான் எனப் பாராட்டுகிறது நியாய மஞ்சரி. ஆகம டம்பரத்தின் கதைக்கும் இதுவே கரு. சங்கர்ஷணன் என்னும் இளம் மீமாம்சகன் வேதத்தின் எதிரிகளை எல்லாம் வாதில் வெல்லப் புறப்படுகிறான். முதல் அங்கத்தில் பௌத்தத் துறவியை மடக்குகிறான். அடுத்ததில் சமணரைக் கண்டு, நீலாம்பரரின் களியாட்டத்தில் திகைத்து, அரசனிடம் முறையிட்டு ஆணை பெறுகிறான். ஆணை பிறந்ததும் ஊரிலுள்ள சைவத் துறவியரும் அஞ்சி ஓடத் தொடங்குகின்றனர். தீயோரை மட்டும் ஒடுக்க எண்ணிய சங்கர்ஷணனுக்கு அப்போதுதான் தான் செய்தது விளங்குகிறது. நான்காம் அங்கத்தில் தைரியராசி என்னும் நியாய அறிஞர் நடுவராக வந்து, எல்லா ஆகமங்களும் அளவையே எனத் தீர்ப்பளிக்கிறார். ஆயின் அதற்கு வரையறை உண்டு. சான்றோர் பலர் ஏற்றிருக்க வேண்டும். நேற்று முளைத்ததாக இருத்தல் கூடாது. பேராசையில் பிறந்ததாகவோ மக்கள் அருவருப்பதாகவோ இருத்தல் கூடாது. சமய வாதங்களை இவ்வளவு நகைச்சுவையோடு மேடையேற்றிய நாடகம் வடமொழியில் அரிது.

நாடகம் எழுதிய கை கண்டதை நூல் எழுதிய கை காணவில்லையோ என ஐயுறத் தோன்றுகிறது. எந்த அறிவும் தானே தனக்குச் சான்றாகாது, பிறிதொன்றால்தான் அது மெய்யெனத் தெளியப்பட வேண்டும் என்பது நியாயத்தாரின் உறுதியான கொள்கை. வேதமே ஆயினும் சொன்னவரின் தகுதியால்தான் அளவையாகும் என மீமாம்சகரோடு நெடிது வாதிட்டவர் ஜயந்தர். அத்தகையவர் நீலாம்பரரை வாதத்திற்கு அழைக்கவில்லை. அவர்களை ஒடுக்கிய ஆணையைப் பாராட்டினார். மன்னன் ஆணைக்குத் தனிச் சான்று வேண்டும் என அவருக்கு அப்போது தோன்றவில்லை.

அதே மன்னன் ஆணை பின்னர் அவர்மீதும் விழுந்தது. ஒலியே இல்லாத ஒரு மறைவிடத்தில் அரசனால் தாம் சிறை வைக்கப்பட்டதாகவும், நூல் இயற்றும் விளையாட்டினால் நாள்களைக் கழித்ததாகவும் நியாய மஞ்சரியில் ஓரிடத்தில் அவர் குறிப்பிடுகிறார். காரணம் கூறவில்லை, முறையீடும் இல்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டு வாதத்திற்குத் திரும்பிவிடுகிறார். பன்னிரண்டு ஆஹ்னிகங்கள் கொண்ட அப்பெருநூல் எழுந்த சூழல் அது. எதிரே வாதிட ஒருவரும் இல்லாத இடத்தில் பௌத்தரும் மீமாம்சகரும் சார்வாகரும் அந்நூலுக்குள் கூடி ஆரவாரிக்கின்றனர். புதிய பொருள் காணும் ஆற்றல் தமக்கில்லை என்றும், சொல்லை அடுக்கிய புதுமை ஒன்றையே காண வேண்டும் என்றும் தொடக்கத்தில் அவர் அடக்கமாகக் கூறுகிறார். அவ்வடக்கத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

காட்சியைப் பற்றிய பகுதியில் இன்னொரு வாதம் வருகிறது. பழைய நூல்களில் வழங்கிய எடுத்துக்காட்டு அது. ஒரு சிறுமி, நாளை என் அண்ணன் வருவான் என்கிறாள். எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. எந்த அடையாளத்தைக் கண்டும் அவள் கருதவில்லை. உள்ளத்தில் திடீரெனத் தோன்றியது. மறுநாள் அண்ணன் வந்துவிடுகிறான். இவ்வறிவு எவ்வளவையைச் சார்ந்தது? எதிர்காலம் இன்னும் இல்லாதது; இல்லாததைக் காண்பது எவ்வாறு என மீமாம்சகர் தள்ளிவிடுவர். ஜயந்தர் தள்ளவில்லை. அது ஐயமாக எழவில்லை. பின்னர்ப் பொய்க்கவும் இல்லை. புலன்களால் அன்றி மனத்தாலேயே தோன்றியது. ஆகவே அதுவும் காட்சியே என்கிறார். அதற்குப் பெயர் பிரதிபை. கவிஞரின் படைப்பாற்றலுக்கும் வடமொழியில் அதே பெயர்தான். வாயில் அடைக்கப்பட்ட ஓரிடத்தில் இருந்தவர், நாளை ஒருவர் வருவார் என்னும் அறிவைக் கனவென ஒதுக்காமல் காட்சியின் வரிசையில் அமர்த்தியதைப் படிக்கும்போது, அது வெறும் பள்ளி எடுத்துக்காட்டாகத் தோன்றுவதில்லை.

அவர் எப்போது விடுதலை பெற்றார் என்பதற்குக் குறிப்பில்லை. சங்கரவர்மன் 902இல் உரசா நாட்டில் அம்புபட்டு இறந்தான். அவன் சங்கரபுரத்தில் எழுப்பிய கோயில்களின் கற்கள் இன்றும் பட்டன் என்னும் ஊரில் சிதைந்து நிற்கின்றன.

நூல்கள் பிழைத்த வழியும் எண்ணத்தக்கது. நியாய மஞ்சரி 1895இல் விசயநகர வடமொழி நூல்வரிசையில் காசியில் அச்சேறியது. ஆகம டம்பரத்தை, திருவாரூரில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வே. இராகவனும் அனந்தலால் தாக்கூரும் பதிப்பித்து 1964இல் தர்பங்காவில் வெளியிட்டனர். அந்நாடகத்தின் சுவடிகள் கிடைத்தது குசராத்துப் பாடணத்தின் சமண நூலகத்தில். நியாய மஞ்சரிக்குச் சக்கரதரர் என்னும் காசுமீரர் எழுதிய ‘கிரந்திபங்கம்’ என்னும் குறிப்புரையும் ஜெய்சல்மேர் சமணச் சுவடிச்சாலையில்தான் கிடைத்தது. 1972இல் அகமதாபாதில் அச்சாயிற்று. ஜயந்தர் தம் நாடகத்தில் சமணத் துறவியரை எள்ளி நகையாடியவர். அவர்கள் வழிவந்தோரே அவர் ஏடுகளைக் கறையானிடமிருந்து காத்தனர்.

ஒலியில்லாத அவ்விடம் எது என்பதை விளக்குவதும் சக்கரதரரின் குறிப்புரையே. சங்கரவர்மனின் ஆணையால் ஜயந்தர் கசர் நாட்டுக் காட்டில் நெடுநாள் தங்கியிருந்தார் என்கிறது அது. காசுமீரப் பள்ளத்தாக்கிற்குத் தெற்கேயுள்ள மலைக்காடுகள் கசர் வாழ்ந்தவை. சிறை என்பது சுவரால் ஆனதா, அன்றி ஒரு காட்டில் அரசன் பணியாக விதித்த தனிமையா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர்.